ஆழப்படுத்துவதா, அளந்து இறைப்பதா: வெள்ளவத்தை ஒழுங்கைக் கிணறு ஒன்றின் கோடைக்கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சிறிய பிள்ளையார் கோயிலின் பின்மதிலை ஒட்டி, ஐந்தடி அகலமான வளையக் கிணறு ஒன்று இருக்கிறது. ஒன்பது வீடுகளும், எட்டுக் குடும்பங்கள் குடியிருக்கும் தொடர்மாடி ஒன்றும், கோயிலும் அதைப் பொதுவில் பயன்படுத்தி வருகின்றன. தலைக்கணக்கில் ஏறத்தாழ 70 பேர். ஐப்பசி, கார்த்திகை மழை இம்முறை பாதிக்குப் பாதியாகக் குறைந்துபோனதால், வழக்கமாகப் பெப்ரவரியில் ஏழடி நீர் நிற்கும் கிணற்றில் இப்போது விடியற்காலையில் மூன்றடிதான் நிற்கிறது. என்ன செய்வது என்று தீர்மானிக்க ஒழுங்கைக்காரர் கூட்டம் ஒன்று கூட்டப்படவிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்காக நான் எழுதத் தொடங்கிய குறிப்பு நீண்டு இக்கட்டுரையாகியிருக்கிறது. இதே நிலையில் தெகிவளையிலோ பம்பலப்பிட்டியிலோ மட்டக்குளியிலோ இருக்கும் பொதுக்கிணற்றுக்காரருக்கும் இது பயன்படக்கூடும்.

குழாய்நீர் வீடு தோறும் வரும் கொழும்பில் கிணற்றுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்கள் உண்டு. மாநகருக்கான நீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களும் பங்களிக்கின்றன. பல ஆண்டுகளாக மணல் அகழ்ந்ததில் களனியின் கீழ்ப்பகுதி ஆற்றுப்படுக்கை கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. ஆகவே ஆற்றில் வரத்துக் குறைந்ததும் கடல்நீர் ஆற்றுவழியே மேலேறி அம்பத்தலையை எட்டிப் பார்க்கிறது. முன்னைய வறட்சிகளில் ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடைகளை அடுக்கி அதைத் தடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய நாட்களில் குழாயில் அழுத்தம் குறைகிறது, இரவில் நீர்வெட்டு வருகிறது, மேல்மாடித் தாங்கிகள் நிறைவதில்லை. அப்போது குளிக்க, துவைக்க, மலசலகூடத்துக்கு ஊற்ற, முற்றம் கழுவ என்று எல்லோரும் கிணற்றடிக்கு வருகிறார்கள். குழாய்நீருக்கு வறட்சி வரும் அதே மாதத்தில்தான் கிணற்றுக்கும் வறட்சி வருகிறது என்பதே இதில் உள்ள சிக்கல்.

குடிப்பதற்கு இந்தக் கிணற்று நீரை நாம் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களில் பழையவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்டவை. பல வீடுகளில் கைவிடப்பட்ட மலக்குழிகள் இன்னும் மண்ணுக்கடியில் இருக்கின்றன. நீர் குறையக் குறைய அதில் கலந்திருப்பதன் செறிவு கூடும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீர், மற்றவற்றுக்குக் கிணறு என்ற பிரிவினையின் மேல்தான் பின்வரும் ஒப்பீடு முழுவதும் நிற்கிறது.

கூட்டத்துக்கு முன்னரே ஒழுங்கையில் பேசப்படும் வழிகள் ஆறு. கிணற்றை இன்னும் ஐந்தாறு அடி தோண்டி இரண்டு வளையங்கள் இறக்குவது. தொடர்மாடியின் தரிப்பிடத்தில் குழாய்க்கிணறு துளைப்பது. உவர் நீக்கும் வடிகட்டி இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வாங்குவது. கிணற்றைப் பூட்டிவிட்டு மழை வரும்வரை பவுசர் (தாங்கி வண்டி) தண்ணீர் வாங்குவது. முறை வைத்து அளவாக இறைப்பது. கூரை மழைநீரைக் கிணற்றுக்கு விடுவது. இவற்றுள் முதலிரண்டுக்கும் ஆதரவு அதிகம், ஐந்தாவதற்கு ஆதரவு மிகக் குறைவு. என் முடிவு இதற்கு நேர்மாறானது. காரணத்தைச் சொல்வதற்கு முன், அளந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

கடந்த இரண்டு வாரங்களாகக் காலை ஐந்தரை மணிக்கு, எவருடைய மோட்டாரும் ஓடத் தொடங்குமுன், அளவுநாடாவின் நுனியில் பெரிய ஆணித்திருகு ஒன்றைக் கட்டி, கடைசி நான்கு அடிக்கும் சுண்ணக்கட்டி பூசி, கிணற்றுக்குள் இறக்கி வருகிறேன். நாடா நீரைத் தொடும் சத்தம் கேட்டதும் இன்னும் ஓரடி விட்டு, கிணற்றுக் கட்டின் விளிம்பில் வைத்துப் பிடித்த அளவைக் குறித்துக்கொண்டு மேலே எடுத்தால், சுண்ணம் நனைந்த இடம் கறுத்துத் தெரியும். பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள தூரம் கிடைத்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைப் பார்த்துக்கொண்டு பூப்பறிக்க நின்ற கோயில் ஐயர், “இவ்வளவு நாளும் இந்தக் கிணத்திலை எவ்வளவு தண்ணி நிக்குதெண்டு ஒருத்தரும் பாக்கேல்லையே?” என்று கேட்டார். உண்மையில் பார்க்கவில்லை. வாளி முட்டும் சத்தத்தை வைத்து மதிப்பிட்டுவந்தோம்.

ஐந்தடி அகலமான கிணற்றில் ஓரடி உயர நீர் என்பது ஏறத்தாழ 550 லீற்றர். ஆக, மூன்றடி நீர் என்றால் 1,650 லீற்றர். தொடர்மாடியின் ஒரு குதிரைவலு மோட்டார் அதனை அரை மணித்தியாலத்தில் வற்றடித்துவிடும். கேட்கவேண்டிய கேள்வி எவ்வளவு நிற்கிறது என்பதன்று, எவ்வளவு ஊறுகிறது என்பதே. ஒரு நாள் எல்லோரையும் கேட்டுக்கொண்டு, சரியாக ஓரடி இறைத்து நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, அந்த ஓரடியும் திரும்ப ஊற 50 நிமிடம் எடுத்தது. மணித்தியாலத்துக்கு 660 லீற்றர். இது மோசமான ஊற்று அல்ல. கிணறு வற்றுகிறது என்று நாம் சொல்லிக்கொள்வது பாதி பிழை; ஊறும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக, அதுவும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள், மூன்று மோட்டார்கள் போட்டியிட்டு இழுப்பதால் அடி தெரிகிறது.

இரண்டாவது அளவு உப்பு. பேனை போன்ற சிறு கருவி ஒன்று நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும். நீரில் கரைந்திருக்கும் உப்பு கூடினால் எண்ணும் கூடும். மழைநீருக்கு 50 மைக்ரோசீமன்சுக்கும் குறைவாகவே காட்டும். கடல்நீருக்கு ஏறத்தாழ 50,000. நல்ல கிணறு சில நூறுகளில் நிற்கும். நம் கிணறு அமைதியாகக் கிடந்த நாளின் காலையில் 900ஐ ஒட்டியும், முதல்நாள் அடிவரை இறைத்த நாளின் காலையில் 1,300ஐத் தாண்டியும் நின்றது. ஆனால் இந்தக் கருவி வாங்கப்படுவதற்குக் கிழமைகள் முன்னரே, ஐந்தாம் வீட்டு ஆச்சி சொல்லிவிட்டார்: “தம்பி, சவுக்காரம் நுரைக்குதில்லை, உடுப்பு பிசுபிசுக்குது. தண்ணி மாறியிட்டுது.” நாங்கள் சவுக்காரத்தைக் குற்றம் சொன்னோம்.

இந்த இரண்டு அளவுகளையும் கையில் வைத்துக்கொண்டு முதல் வழியைப் பார்ப்போம். தோண்டத் தோண்ட ஊறும் என்பது கடலுக்குத் தொலைவான மணற்கிணற்றுக்குப் பொருந்தும். நம் கிணறு கடலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், ஏறத்தாழ 350 மீற்றரில் இருக்கிறது. கரையோர மண்ணுக்கடியில் நன்னீர் தனியாக இருப்பதில்லை. கடல்பக்கமிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல், எண்ணெய் நீரில் மிதப்பதுபோல, அது மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனமானது என்பதால், நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். கெய்பன் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. மறுபக்கமாக வாசித்தால் இதே கணக்கு அச்சுறுத்துவது: மேலே ஓரடி நெடுநாளுக்கு இறங்கி நின்றால், கீழே உவர்நீர் 40 அடி ஏற இடம் கிடைக்கிறது. மணலும் களியும் கபுக்கல் எனும் செம்பூராங்கல்லும் மாறி மாறிக் கிடக்கும் நம் நிலத்தில் இந்தக் கணக்கு அடிக்கு அடி சரியாக வராது. பாறை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். திசை மட்டும் மாறாது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கப் படம் வரைய வேண்டியதில்லை. புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணறு ஆழங்காண முடியாதது என்று சிறுவயதில் நமக்குச் சொல்லித் தந்தார்கள்; ஆனால் அதன் மேற்பகுதி நீர் நன்னீராகவும், கீழே போகப் போக உவராகவும் இருக்கிறது என்பதே அக்கிணற்றிலிருந்து கற்க வேண்டிய பாடம். ஆழம் அங்கே நீரின் செல்வம் அல்ல. நம் கிணற்றை ஐந்தடி ஆழப்படுத்தினால் முதல் வாரம் நிறைய நீர் வரும். எல்லோரும் மகிழ்ந்து நிறைய இறைப்போம். அடுத்து வருவது சவுக்காரம் நுரைக்காத நீர்தான்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியபின், உதவிக்கு வந்தவர்கள் நல்ல எண்ணத்துடன் பம்புகளைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அளவுமீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலிழுக்கப்படும், உப்பைக் கழுவ வேண்டியது மழைதான் என்று எச்சரிக்க நேர்ந்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது நம் பழக்கத்தில் ஊறிப்போனது. கோடை நடுவில் கடற்கரைக் கிணற்றுக்கு அது ஆகாது. தூர்வாருவதாக இருந்தால்கூட மழை தொடங்கும் காலத்தில், மட்டம் ஏறும்போது செய்வோம்.

குழாய்க்கிணறு இதே பிழையை இன்னும் விலையுயர்ந்த முறையில் செய்வது என்று ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு ஆசைதான், ஆனால் அது நியாயமாகாது. கொழும்பின் அடியில் இருப்பது பழைமையான கருங்கற்பாறை. அதில் நீர் பாறையின் உடம்பில் இல்லை, வெடிப்புகளில்தான் இருக்கிறது. துளை ஒரு நல்ல வெடிப்பைச் சந்தித்தால் வற்றாத நீர் கிடைக்கலாம். பத்தடி தள்ளித் துளைத்தால் வெறும் பாறைத்தூள் வரலாம். அந்த வெடிப்புக் கடலடிக்கு நீண்டிருந்தால் உவர் வரும். 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நீர்வளச் சபை நிலத்தடி நீர் ஆய்வும் துளையிடலும் செய்கிறது; அவர்களுடைய ஆய்வில்லாமல் தெருவில் விளம்பரம் ஒட்டும் துளையிடுநரைப் பிடிப்பது சீட்டிழுப்பது போலாகும். ஆய்வு செய்து துளைத்தாலும், குழாய்க்கிணறு தொடர்மாடியின் காணிக்குள் இருக்கும், பணம் போட்டவர்களுடையதாக இருக்கும், அதன் நீர் மட்டும் எல்லோருடைய நிலத்தடியிலிருந்தும் வரும். ஒழுங்கையின் ஒன்பது வீடுகளும் இதற்குக் கையெழுத்திடுமுன் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நன்றாக ஆராய்ந்து, குறைந்த வேகத்தில் இறைக்கும் நிபந்தனையுடன், ஓர் ஆண்டுக்குப் பின் பேசக்கூடிய விடயம் இது. இந்தக் கோடைக்கான விடை அன்று.

உவர் நீக்கும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024இல் திறந்து வைக்கப்பட்டதைப் பார்த்து நம்மவர் சிலருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. அங்கே ஒரு குடாநாட்டின் குடிநீர்த் தேவை இருக்கிறது; பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடமோ முற்றம் கழுவும் தேவை இருக்கிறது. உள்ளே போகும் நீரில் ஒரு பங்கு, உப்புச் செறிந்த கழிவாக வெளியே வரும்; அதை வெளியேற்ற நமக்கு இடமில்லை, திரும்ப மண்ணுக்குள் விட்டால் நம் தலையில் நாமே மண்ணள்ளிப் போடுவதாகும். தவிரவும், உப்பாகாத கிணற்றை உப்பாகாமல் காப்பது, உப்பான பின் மின்சாரம் செலவழித்துப் பிரிப்பதைவிட எளிது.

பவுசருக்கு ஒரு நல்ல வாதம் உண்டு: கிணறு முழு ஓய்வு பெறும். வாதம் அவ்வளவுதான். ஒழுங்கையின் அகலத்துக்குப் பெரிய பவுசர் நுழையாது. காலி வீதியில் நிறுத்திக் குழாய் போட்டால் போக்குவரத்துப் பொலிசார் வருவார்கள். சிறியதில் வரும் நீரை நிலமட்டத்தில் வாங்கிவைக்கப் பொதுத் தாங்கி இல்லை. ஆளுக்கொரு பிளாஸ்ரிக் பீப்பாயில் நிரப்பிவைத்தால் நுளம்பு பெருகும். 186,000க்கு மேற்பட்டோர் டெங்குக்கு உள்ளான 2017ஆம் ஆண்டை மறந்துவிடுவதற்கில்லை. அப்போது கொழும்பு மாவட்டந்தான் மிக மோசமாக அடிவாங்கியது. தனியார் பவுசரின் நீர் எங்கே எடுக்கப்பட்டது என்பதும் பெரும்பாலும் தெரியாது. அதுவும் யாரோ ஒருவருடைய அயலின் கிணற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனாலும் பவுசரை முற்றாக ஒதுக்கமாட்டேன். மட்டமோ உப்போ எல்லை தாண்டும் நாட்களுக்கு அது கைக்காவலாக இருக்கட்டும். அதற்கென ஒரு பொதுத் தாங்கியை மூடியுடன் கோயில் மதிலோரம் இப்போதே வைத்துவிடலாம்.

இனி, யாருக்கும் பிடிக்காத வழிக்கு வருகிறேன். கிணறு மணித்தியாலத்துக்கு 660 லீற்றர் ஊறுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு முறையும் ஓரடி மட்டும் இறக்கி, திரும்ப ஊறும்வரை பொறுத்து, நாளுக்கு ஆறு முறை இறைத்தால் 3,300 லீற்றர் கிடைக்கும். பதினேழு குடும்பங்களுக்குப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு 190 லீற்றருக்குச் சற்று மேல். ஆளுக்கு 47 லீற்றர். கோயிலுக்கான குடங்களை இதில்தான் கழிக்க வேண்டும். கேப்டவுன் நகரம் 2018 பெப்ரவரியில் தன் மக்களுக்கு விதித்த வரம்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர். அது குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. நமக்கு வரும் 47 லீற்றர் குழாய்நீருக்கு மேலதிகமானது. ஆகவே முறை வைத்தால் தாகத்தால் சாவோம் என்று கூட்டத்தில் எவராவது சொன்னால், இந்தக் கணக்கை முன்வைக்கலாம்.

ஆறு முறைதான் என்பதற்கும் காரணம் உண்டு. இருபத்துநான்கு மணித்தியாலமும் ஊறுகிறதே, பதினைந்து முறை இறைக்கலாமே என்று கேட்கலாம். ஊற்று என்பது சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீர் வடிவது. நாம் எடுக்க எடுக்கச் சுற்றுமண்ணின் மட்டமும் மெல்ல இறங்கும், அந்த இறக்கந்தான் உவரை மேலே அழைப்பது. இரவு முழுவதும் கிணறு தன் மட்டத்துக்குத் திரும்பி நிற்க வேண்டும். காலை ஐந்தரை மணி அளவு முதல்நாள் அளவிலிருந்து இறங்கிக்கொண்டே போனால் ஆறு முறை அதிகம் என்று பொருள். நான்காகக் குறைக்க வேண்டும்.

பொறிமுறையாக இதைச் செய்வது நாம் நினைப்பதைவிட இலகு. மூன்று மோட்டார்களையும் கழற்றிவிட்டு, நிமிடத்துக்கு 25 லீற்றர் அளவில் இழுக்கும் சிறிய மோட்டார் ஒன்றைப் பொதுவில் வைப்போம். அதன் புட் வால்வை, அதாவது உறிஞ்சுகுழாயின் அடிவாயை, கிணற்றின் அடித்தளத்திலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டிவிட்டால், அதற்குக் கீழே எவர் நினைத்தாலும் இழுக்க முடியாது. காற்றிழுத்து மோட்டார் எரியாமலிருக்க மிதவைச் சுவிச் ஒன்று போதும். கையால் வாளியிட்டு அள்ளுவதை நான் தடுக்கமாட்டேன். வாளியால் எவரும் கிணற்றை உவராக்கியதில்லை. விதியைக் காகிதத்தில் எழுதுவதைவிட இரும்புக் குழாயின் நீளத்தில் எழுதிவிடுவது நல்லது என்பது என் அனுபவம். காகித விதியை மீறியவரிடம் போய்ப் பேச வேண்டியிருக்கிறது, பேசியபின் ஒரு வருடம் முகம் பார்க்க முடிவதில்லை.

ஆயினும் விதி முழுவதையும் குழாயின் நீளத்தில் அடக்கிவிட முடியாது. எந்தக் குடும்பத்துக்கு எந்த முறை, விருந்தினர் வந்தால் என்ன, மரணவீடு என்றால் என்ன என்பவை பேசித் தீர்க்க வேண்டியவை. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற்பெண்மணி எலினோர் ஒஸ்ரோம் 1965இல் முடித்த கலாநிதிப்பட்ட ஆய்வு, லொஸ் ஏஞ்சல்ஸ் கரையோரத்தில் உவர் புகுந்துகொண்டிருந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையைப் பற்றியதுதான். அங்கே நீர் இறைத்த நிறுவனங்களும் நகரங்களும் ஒரு சங்கமாகக் கூடி, யார் எவ்வளவு இறைக்கிறார் என்பதை எல்லோரும் அறியும்படி செய்து, தங்கள் பங்கைத் தாங்களே குறைத்துக்கொண்டன. கடலோரமாக நன்னீரைச் செலுத்தி உவருக்கு ஓர் அணையும் எழுப்பினார்கள். அவர்களிடம் வழக்கறிஞர்களும் பொறியியலாளர்களும் இருந்தார்கள், நம்மிடம் ஒரு கொப்பியும் அளவுநாடாவும் இருக்கின்றன. என்றாலும் அடிப்படை ஒன்றே: மற்றவர் எவ்வளவு இறைக்கிறார் என்று தெரியாத இடத்தில், நான் மட்டும் குறைத்தால் மிச்சத்தை அவர் எடுப்பார் என்ற எண்ணம் நியாயமானது, தெரியும் இடத்தில் அது நியாயமற்றது. ஆகவே காலை அளவையும் உப்பளவையும் இறைத்த முறைகளையும் கோயில் அறிவித்தல் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். ஐயர் இதற்கு இசைந்துவிட்டார். அபிஷேகத்துக்குக் கோடை முடியும்வரை ஐந்து குடத்துக்குப் பதிலாக ஒரு குடம் போதும், பிள்ளையார் கோபிக்கமாட்டார் என்றும் தாமாகவே சொன்னார்.

தொடர்மாடிக்காரரின் மனக்குறையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எட்டுக் குடும்பங்கள் நான்கு மாடிகளில் இருக்கின்றன. நீர்வெட்டு வந்தால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அவர்கள். வாளியில் தூக்கிப் படியேறச் சொல்ல முடியாத முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் சமபங்கு என்பது அவர்களுக்குக் காகிதத்தில் மட்டும் சமமாக இருக்கும். ஆறு முறைகளில் மூன்றை, அதுவும் காலையின் முதல் முறையையும் சேர்த்து, அவர்களுடைய கூரைத் தாங்கிக்கு விடலாம் என்பது என் யோசனை. கீழ்வீட்டுக்காரர் சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும், பெரிய மோட்டாரை அவர்கள் கழற்றுவதற்கு இதைவிட மலிவான விலை எனக்குத் தெரியவில்லை.

கூரைநீர் வழி எல்லாவற்றிலும் அழகானது. இந்தக் கோடைக்கு உதவாதது. இரண்டையும் ஒருசேர விளங்கிக்கொண்டால்தான் ஏமாற்றம் வராது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது; அதில் ஜனவரி, பெப்ரவரி இரண்டுக்கும் சேர்த்து 130 அளவில்தான் வரும், ஒக்ரோபர் மட்டும் வழமையாக 350ஐ எட்டும். ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றில் ஓராண்டில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 178,000 லீற்றர். ஒன்பது வீடுகளுக்கு 16 இலட்சம் லீற்றர். நாளுக்கு 3,300 என்று இறைத்தால் ஓராண்டில் நாம் எடுக்கக்கூடியது 12 இலட்சம். அதாவது, நாம் எடுப்பதைவிட அதிகமான நீரைப் பீலிவழியே ஓடவிட்டு, வடிகானில் சேர்த்து, கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். முற்றங்களுக்கெல்லாம் கொங்கிறீற்றும் பூட்டுக்கல்லும் போட்டபின் மண் வழியாகக் கிணற்றுக்கு இறங்கும் வழியும் அடைபட்டுவிட்டது. கிணறு ஆண்டுக்காண்டு இறங்குவதற்கு வானத்தை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்நாட்டு அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது; அடுத்து நல்ல மழை பெய்தபோது சென்னைக் கிணறுகளில் மட்டம் ஏறியது. அதே சென்னைக்கு 2019 யூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவர வேண்டியும் வந்தது. மழைக்குழி மழையைச் சேமிக்குமே தவிர வரவழைக்காது. குழிகளைத் தூர்ந்துபோக விட்டால் சேமிக்கவும் செய்யாது. நமது நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டம் நகர்ப்புறக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக்கு இடம் செய்கிறது. தொடர்மாடிகள் பலவற்றில் அதற்கான தாங்கி வரைபடத்தில் இருக்கும். கட்டடத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

செய்வதானால் ஏப்ரல் மழைக்கு முன் செய்ய வேண்டும், செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். பீலியிலிருந்து நேரே கிணற்றுக்குள் குழாய் விடும் யோசனையை நான் எதிர்க்கிறேன்; காகத்தின் எச்சமும் தகரத் துருவும் காலி வீதியின் புகைப்படிவும் அப்படியே உள்ளே போகும். முதல் மழையின் நீரை வெளியே விட்டு, பிறகு வருவதைச் சரளை, மணல் நிரப்பிய குழி ஒன்றில் இறக்கி, மண் வழியே வடியவிடுவதே முறை. குழி கிணற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருந்தால் நல்லது. உவர் வரும் வழியில் நன்னீர் மேடு ஒன்று எழும்பும். பழைய மலக்குழி எங்கே இருந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர்களைக் கேட்காமல் எந்த இடத்திலும் மண்வெட்டி போடக்கூடாது. ஆச்சிக்கு நான்கு குழிகளின் இடம் நினைவிருக்கிறது. அதில் ஒன்று, நாங்கள் மழைக்குழிக்கென்று சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருந்த அதே இடம்.

ஒழுங்கையின் தலைப்பில் அத்திவாரம் வெட்டும் கட்டட வேலையைப் பற்றி ஒரு சொல். நிலத்தடித் தரிப்பிடத்துக்காக வெட்டிய கிடங்கிலிருந்து இரவும் பகலும் நீர் இறைத்து வடிகானுக்கு விடுகிறார்கள். நம் மட்டம் இறங்கியதில் அதற்கு எவ்வளவு பங்கு என்று நாடா சொல்லாது. ஆனால் அவர்களுடைய பம்பு பழுதாகி நின்ற இரண்டு நாட்களில் நம் காலை அளவு நான்கு விரற்கடை ஏறியதைக் கொப்பி சொல்கிறது. மாநகர சபைக்கு முறைப்பாடு எழுதும்போது உணர்ச்சியான வசனங்களைவிட அந்த இரண்டு வரிகள் கூடுதலாகப் பேசும். இறைத்து வீணாக்கும் அந்த நீரை நம் மழைக்குழிக்குத் திருப்பித் தரக் கேட்கலாம் என்று தொடர்மாடியில் ஒருவர் சொன்னார். இவ்வளவு நாளும் கேட்ட யோசனைகளில் புத்தி கூடியது இதுதான். உப்பளவு பார்த்துவிட்டுக் கேட்போம்.

ஆகவே கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவது இது. சிறிய மோட்டாரும் உயர்த்திக் கட்டிய புட் வால்வும் அறிவித்தல் பலகையும் உடனே. காலை நீர்மட்டம் இரண்டரை அடிக்குக் கீழே போனாலோ, உப்பளவு 1,500ஐத் தாண்டினாலோ, மோட்டாரை முற்றாக நிறுத்திப் பவுசருக்குப் போவது. இரண்டும் திரும்பி மூன்று நாள் நிலைத்தபின்னரே மீண்டும் தொடங்குவது. மழைக்குழிகள் ஏப்ரலுக்குள். ஆழப்படுத்துவதையும் துளைப்பதையும் அடுத்த ஆண்டு இதே மாதம் வரை எடுத்துப் பேசாமலிருப்பது. அப்போது கையில் ஓராண்டின் அளவுகள் இருக்கும்.

தீராமல் இருப்பது மோட்டார் அறையின் சாவி யாரிடம் இருப்பது என்பது. செயலாளர் என்ற முறையில் என்னிடம் தரச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு வேலைக்குப் போக வேண்டும், தவிர என் வீடும் முறைகளில் ஒன்றுக்கு உரியது. தொடர்மாடிக்காரர் தங்கள் காவலாளியிடம் கொடுக்கலாம் என்கிறார்கள், கீழ்வீட்டுக்காரர் அதற்கு ஒப்பவில்லை. என் தெரிவு ஐந்தாம் வீட்டு ஆச்சி. அவருடைய குசினி யன்னலிலிருந்து கிணற்றடி நேரே தெரியும், ஒழுங்கையில் அவரோடு எதிர்த்துப் பேசுபவர் எவருமில்லை. கேட்டுப் பார்த்தேன். சாவி வைத்திருக்கலாம், ஆனால் அந்தப் பேனைக் கருவியையும் தன்னிடமே தர வேண்டும் என்றார்.